வலை விழும் இடம்

பனிச்சை என்றொரு மரம் உண்டு. அதன் காயை இடித்து ஊறவைத்த சாற்றிலே வலையைத் தோய்த்து உலர்த்தினால் நூல் கறுத்து இறுகும். உப்புநீர் அதனை எளிதில் அரித்துவிடாது. நைலோன் நூல் கடைக்கு வருமுன், பருத்தி வலை கட்டிய காலத்திலே, கரையோர மக்களுக்குப் பனிச்சங்காய் அத்துணை வேண்டிய பொருளாயிருந்தது. அந்த மரத்தின் பெயரையும் கேணியின் பெயரையும் சேர்த்து வைத்தாற்போல மட்டக்களப்புக்கு வடக்கே ஓர் ஊர் இருக்கிறது. அதுவே பனிச்சங்கேணி.

வாழைச்சேனையைத் தாண்டி, மாங்கேணியையும் தாண்டித் திருகோணமலை வீதியிலே செல்பவர்கள் அவ்விடத்தில் ஒரு பாலத்தின் மீது ஏறுவார்கள். ஒருபுறம் வாவி, மறுபுறம் வாவி கடலோடு கலக்கும் வாய். கரையெங்கும் கண்டல் மரங்கள். மாலை வெயிலிலே நீர் பித்தளைத் தட்டுப்போல் மின்னும். இத்தகைய இடத்துக்குப் பீரங்கியைப் பற்றிப் பேசவா போனீர்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மையில் அதற்காகப் போகவில்லை. ஆனால் பேச்சு அதிலேதான் போய் முடிந்தது.

எமது தமக்கையின் மகன் உயர்தர வகுப்பிலே படிக்கிறான். பாடசாலையில் நடைபெறவிருந்த பேச்சுப் போட்டிக்கு, 'நவீன யுத்தமும் பீரங்கியும்' என்ற தலைப்பை அவனே தேர்ந்தெடுத்திருந்தான். நாம் இருபத்தெட்டு ஆண்டுகள் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆகவே அந்தப் பேச்சைத் திருத்தும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பனிச்சங்கேணியிலுள்ள பழைய நண்பர் ஒருவரைக் காணப் புறப்பட்டபோது அவனையும் அழைத்துச் சென்றோம். பேருந்திலே அவன் தன் பேச்சை எமக்கு வாசித்துக் காட்டினான். "பீரங்கியே போர்க்களத்தின் அரசன்" என்று அது தொடங்கியது.

பேச்சு நன்றாகவே இருந்தது. ஒருவகையில் அது எமது பேச்சுத்தான். பல ஆண்டுகளாக வகுப்பிலே நாம் சொல்லி வந்தவற்றையே அவன் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். அதன் சாரத்தை இங்கே தருவது பொருந்தும்.

மட்டக்களப்பு நகரிலே ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்காத பிள்ளைகள் எம் பக்கத்தில் இல்லை. 1638ஆம் ஆண்டு மே மாதம், ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் கப்பலிலிருந்து பீரங்கிகளை இறக்கி, அப்போது போர்த்துக்கேயர் வசமிருந்த அந்தக் கோட்டையைச் சுட்டார். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் அவருக்குத் துணைநின்றான். சில மணி நேரத்திலே கோட்டை பணிந்தது. ஆயினும் அந்தப் பீரங்கிக்காரன் மதிலைக் கண்ணாலே கண்டுதான் சுட்டான். மதிலின்மேல் நின்றவனும் அவனைக் கண்டான். இருவருக்கும் நடுவே இருந்தது கூப்பிடு தூரத்தைவிடச் சற்றே கூடிய தூரம்.

அந்த நிலை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அதுவரை பீரங்கி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் முழு வண்டியோடும் பின்னுக்குப் பாயும். அதை மீண்டும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திக் குறிபார்க்க வேண்டும். 1897இல் பிரான்சு நாட்டார் செய்த 75 மில்லிமீற்றர் பீரங்கியிலே, எண்ணெயையும் அழுத்திய காற்றையும் கொண்ட ஓர் ஏற்பாடு அந்த உதைப்பைத் தாங்கிக்கொண்டது. குழல் மட்டும் பின்னே வழுக்கி மீண்டும் தன் இடத்துக்கு வந்துவிடும்; வண்டி அசையாது. நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் வரை அதனால் எறிய முடிந்தது. அசையாமல் நிற்கும் பீரங்கியைக் கணக்கினால் ஆளலாம். குன்றுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்துவிட்டு, தூரத்தில் இருக்கும் ஒருவன் தொலைபேசியிலே சொல்லும் எண்களைக் கேட்டு, தேசப்படத்தையும் கோணத்தையும் பார்த்துச் சுடலாம். சுடுபவன் இலக்கைக் காணவேண்டிய அவசியம் அத்தோடு ஒழிந்தது.

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருளிலே மறைந்தது. ஏறத்தாழ 130 குண்டுகள். தமிழர் அதற்குப் பின் கெட்டிக்காரனையும் தந்திரக்காரனையும் 'எம்டன்' என்று அழைக்கத் தொடங்கினர். குண்டின் பயத்தைக் கூட நாம் ஒரு செல்லப் பெயராக்கிக் கொண்டோம். ஆனால் அது பழைய வழக்கப்படி, இலக்கை விளக்கொளியிலே பார்த்துச் சுட்ட சுடுதல். உண்மையான புதுமை அதே காலத்தில் பிரான்சின் வயல்களிலே நடந்துகொண்டிருந்தது.

அங்கே பீரங்கிகள் தின்ற குண்டுகளை எந்த நாட்டாலும் செய்து கொடுக்க முடியவில்லை. 1915இல் பிரித்தானியாவில் குண்டுப் பஞ்சம் அரசாங்கத்தையே உலுக்கிவிட்டது. படைக்கலங்களுக்கென்றே தனி அமைச்சு ஏற்பட்டது. லொயிட் ஜோர்ஜ் அதன் தலைவரானார். இலட்சக்கணக்கான பெண்கள் குண்டுத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். வெடிமருந்தின் தூசி பட்டு அவர்களுள் பலருடைய தோல் மஞ்சளாயிற்று. சிலி நாட்டு வெடியுப்புக் கிடைக்காத ஜெர்மனி, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து அமோனியாவாக்கி அதிலிருந்து வெடிமருந்து செய்தது. இன்று நம் விவசாயி வயலுக்கு எறியும் யூரியா, அதே முறையின் மறுபிள்ளை.

நாங்கள் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தோம் என்று எண்ணிவிடக் கூடாது. குண்டுக்கு வேண்டிய உலோகத்தை உருக்கும் மூசைகளுக்கு இலங்கையின் காரீயக்கல் போயிற்று. அந்தப் போர்க்காலத்திலேதான் இத்தீவின் காரீயக்கல் ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. நீலகிரியிலே குன்னூருக்கு அருகிலுள்ள அருவங்காட்டில் 1904 முதல் கோர்டைட் என்னும் உந்துமருந்துத் தொழிற்சாலை இயங்கியது. கோர்டைட்டுக்கு நைத்திரோகிளிசரின் வேண்டும். அதற்குக் கிளிசரின் வேண்டும். கிளிசரினோ கொழுப்பிலிருந்தும் தேங்காயெண்ணெய் போன்ற எண்ணெய்களிலிருந்தும் வருவது. சவர்க்காரம் காய்ச்சும்போது மிஞ்சும் பொருள் கூடப் பீரங்கியின் வாய்க்குப் போகலாம் என்றால், இந்த யுத்தத்திலே யாருடைய தென்னந்தோப்பு சம்பந்தப்படவில்லை என்று யார் சொல்ல முடியும்?

1916இல் சொம் ஆற்றங்கரையிலே, தாக்குதலுக்கு முன்னதாக, ஒரு வார காலத்தில் பிரித்தானியர் 15 இலட்சம் குண்டுகளுக்கு மேல் எறிந்தனர். எதிரிப் பதுங்குகுழிகளில் எவரும் உயிரோடிரார் என்று நம்பி யூலை 1ஆம் நாள் காலையில் வீரர்களை முன்னேறச் சொன்னார்கள். பல குண்டுகள் வெடிக்கவேயில்லை, முட்கம்பி அறவில்லை, ஆழமான குழிகளுக்குள் இருந்த ஜெர்மானியர் எழுந்து வந்து இயந்திரத் துப்பாக்கிகளை வைத்தனர். அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் 57,470 பேர் மாண்டோ காயமுற்றோ காணாமற் போயினர்; அவர்களில் மாண்டவர் 19,240. அன்று அப்படி ஆயிற்றெனினும், அந்தப் போர் முழுவதிலும் அடிபட்ட வீரர்களிலே பாதிக்கு மேற்பட்டோரை வீழ்த்தியது பீரங்கிதான். எங்கிருந்து வந்ததென்று அவர்கள் கண்டதில்லை. எங்கே போய் விழுந்ததென்று எறிந்தவர்களும் கண்டதில்லை.

இவ்வளவும் பேச்சிலே இருந்தன. "அரசன் என்ற சொல் சரிதானா, மாமா?" என்று மருமகன் கேட்டான். "நன்றாகத்தான் இருக்கிறது" என்றோம்.

நண்பர் வாவிக்கரையில் எமக்காகக் காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். மெலிந்த உடல், வலது காது கேளாது. ஆகவே அவரோடு பேசுபவர்கள் இடப்பக்கமாக அமர்வது வழக்கம். வீச்சுவலையைத் தோளிலே மடித்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் நீரில் இறங்கி நின்றார். மருமகன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நீருக்குள்ளே ஏதோ மின்னியது. எறிவார் என்று எதிர்பார்த்தோம், எறியவில்லை. இன்னும் இரண்டடி நடந்தார்; குனிந்து பார்த்தார்; மறுபடியும் எறியவில்லை.

"மீன் போகுது ஐயா, எறியுங்களேன்" என்றான் பையன்.

"மீன் மட்டுமா கிடக்கு? கீழ கண்டல் வேர் கிடக்கு மனே. பாக்காம எறிஞ்சா வலை போயிரும். சில நேரம் அங்கால சின்னப் பிள்ளையள் முங்கிக்கொண்டு கிடப்பாங்கள். வலை விழுற இடத்தைப் பாக்காம எறியிறவன் தொழில்காரன் இல்ல."

பிறகுதான் எறிந்தார். வலை வட்டமாக விரிந்து, ஈயக் குண்டுகள் ஒரே நேரத்தில் நீரைத் தொட்டன. நாலைந்து மணலையும் சில இறாலும் அகப்பட்டன.

மீனைக் கூடையிலே போட்டுவிட்டு எம்மருகே வந்து அமர்ந்தார். பையனுக்குப் பேச்சுப் போட்டி நினைவு. "ஐயா, நீங்கள் ஆட்லறி அடி கண்டிருக்கிறீர்களா?" என்று அவன் கேட்டுவிட்டான். நாம் அவனைத் தடுக்க நினைத்தோம். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

வாசகர்களுள் இளையவர்கள் அறியும் பொருட்டு அந்நாளைய நிலையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டு செய்யப்பட்ட போர்நிறுத்தம் 2006இலே ஏட்டளவில்தான் எஞ்சியிருந்தது. அவ்வாண்டு யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு கிழக்கிலே யுத்தம் மூண்டது. ஆகஸ்டிலே மூதூர் நகரம் இரு தரப்பு எறிகணைகளுக்கும் நடுவே அகப்பட்டது. அரபுக் கல்லூரி ஒன்றில் அடைக்கலம் புகுந்திருந்த முஸ்லிம் மக்கள்மீதும் எறிகணை விழுந்து பலர் மாண்டனர். மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வெருகலைக் கடந்து தெற்கே, விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த வாகரைப் பகுதிக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. மாங்கேணிப் பக்கம் அரச படை. பனிச்சங்கேணிக்கு வடக்கே புலிகள். நடுவிலே இந்த வாவி.

"கூடாரத்துக்குள்ளயும் மரத்துக்குக் கீழயும் சனம். சாமான் வாற பாதை பூட்டு. அதுக்குப் பிறகுதான் ஷெல்" என்றார் நண்பர். "முதல்ல தூரத்தில குத்துற சத்தம் கேக்கும். கேட்ட உடன எண்ணுவம். ஒண்டு, ரெண்டு, மூண்டு... அஞ்சாறு எண்ணுறதுக்குள்ள பங்கருக்க பாய்ஞ்சிர வேணும்."

பையன் வியப்போடு எம்மைப் பார்த்தான். கணக்கு அவனுக்குப் பிடித்த பாடம். குண்டு வானத்திலே வளைவாக ஏறி இறங்குகிறது. ஒலியோ நேர்வழியே வருகிறது. 122 மில்லிமீற்றர் பீரங்கியின் குண்டு ஏறக்குறைய 22 கிலோ நிறையுள்ளது. 15 கிலோமீற்றர் வரை போகும். அவ்வளவு தூரத்துக்கு எறிந்தால் அது வந்து சேருவதற்குச் சில நொடிகளுக்கு முன்னதாகச் சத்தம் வந்து சேரும். அந்தச் சில நொடிகளிலேதான் ஒரு கிராமம் தன் பிள்ளைகளை வாரிக்கொண்டு மண்ணுக்குள் புகவேண்டும். இன்னும் வேகமான குண்டாயின் அந்த நொடிகளும் இல்லை. அத்தனை தூரத்துக்கு எறியும் குண்டு குறித்த புள்ளியிலேயே விழுவதுமில்லை; பல பத்து மீற்றர் முன்னே பின்னே விழுவது அதன் இயல்பு. போர்க்களத்திலே அது சிறு பிழை. கூடாரங்கள் நெருங்கிய இடத்திலே அந்தப் பிழைக்குள் ஐந்து குடும்பங்கள் அடங்கும். நாற்பது குழல்களிலிருந்து அடுத்தடுத்துப் பாயும் பல்குழல் எறிகணைக்கோ ஒரு புள்ளி என்பதே இலக்கன்று. ஒரு பரப்பே இலக்கு.

2006 நவம்பர் 8ஆம் நாள், கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்திலே இடம்பெயர்ந்து தங்கியிருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பெருந்தொகையினர் காயமுற்றனர். அருகிலிருந்து புலிகள் சுட்டதற்கே பதிலடி கொடுத்தோம் என்றது படைத்தரப்பு. அவ்வாறான பீரங்கி எதுவும் அங்கிருந்ததைத் தாம் காணவில்லை என்று உயிர் தப்பியவர்கள் மனித உரிமை அமைப்புகளிடம் கூறினர். ஒரு பாடசாலைக் கூரையின் கீழே மக்கள் இருந்தார்கள் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

"டிசம்பருக்குள்ள சனம் ஓடத் தொடங்கிற்று. காட்டால கொஞ்சம், தண்ணியால கொஞ்சம். நான் இரவில தோணி வலிச்சன். ஒரு நாள் விடியப்புறம் தங்கச்சி குடும்பத்தை ஏத்தப் போனன். எல்லாரும் ஏறியாச்சு. அவள் சோத்துப் பானையை மறந்து போனன் எண்டு திரும்பி ஓடினவள். பிள்ளையளுக்குப் பசிக்குமே எண்டு."

அவர் அதன் பின்னே நடந்ததைச் சொல்லவில்லை. வலது காதைத் தடவிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, "ஆர் அடிச்சதெண்டு கேட்டா நான் சொல்லுவன், சேர். ஆனா அடிச்சவனைக் கேட்டா அவனுக்குத் தெரியாது. ஆருக்குப் பட்டதெண்டு அவன் பாக்கேல்ல" என்றார்.

பீரங்கிக்கு இனமுமில்லை, மொழியுமில்லை. 1996 யூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் விழுந்தபோது அரச படையின் இரண்டு 122 மில்லிமீற்றர் பீரங்கிகள் புலிகளின் கைக்குப் போயின. அன்றுவரை ஒரு திசை நோக்கிய குழல் மறுதிசை நோக்கித் திரும்பியது. எவர் கையில் இருந்தாலும் எண்களைச் சொன்னால் அது எறியும். அந்த எண்கள் ஒரு பானையைப் பற்றியோ, அதை எடுக்க ஓடும் பெண்ணைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை.

அப்போதுதான் நண்பர், வெகு சாதாரணமாக, எம்மிடம் கேட்டார்: "சேர் அந்த நேரம் எங்க இருந்தீங்க?"

இக்கட்டுரையை நாம் எழுத நேர்ந்ததே அந்தக் கேள்வியால்தான். அதற்கு அவரிடம் சொன்ன பதில் குறைவானது. வாசகர்களிடமாவது முழுவதையும் சொல்லிவிட விரும்புகிறோம்.

நாம் அப்போது தெற்கே ஒரு பாடசாலையிலே பதினோராம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பித்துக் கொண்டிருந்தோம். நவம்பர் மாதத்தின் கடைசி வாரம். டிசம்பரிலே சாதாரண தரப் பரீட்சை. எங்கோ பின்னாலிருந்த முகாமொன்றிலிருந்து பீரங்கிகள் முழங்கும். யன்னல்கள் அதிரும், கரும்பலகையிலிருந்து சுண்ணத்தூள் உதிரும். யுத்தத்துக்குள்ளே வாழ்ந்தவர்களுக்கு ஒரு பாடம் தானாகவே வந்துவிடும்: சத்தத்தைக் கேட்டதும் அது 'போகிற ஷெல்'லா 'வருகிற ஷெல்'லா என்று காது பிரித்துச் சொல்லிவிடும். வருகிறதென்றால் நிலத்தில் விழவேண்டும். போகிறதென்றால் வேலையைத் தொடரலாம்.

அன்று பாடம் சொம் யுத்தம். முழக்கம் தொடங்கியதும் பிள்ளைகள் சிலர் மேசைக்குக் கீழே குனிந்தார்கள். நாம் சிரித்துக்கொண்டே, "இது போகிற ஷெல். வருகிறதல்ல, பயமில்லை. எழுதுங்கள்" என்றோம். எல்லோரும் நிமிர்ந்து எழுதத் தொடங்கினார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் வாகரைப் பக்கத்துப் பிள்ளை. பரீட்சை எழுதுவதற்காக உறவினர் வீட்டிலே வந்து நின்றவள். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் கொண்டிருந்தாள். "உனக்கு மட்டும் என்ன? எழுது" என்று அதட்டினோம். அவள் தலையை உயர்த்தி எம்மைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை, பேனாவை எடுத்தாள்.

போகிற ஷெல் எங்கே போகிறது என்று அந்த வகுப்பிலே அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். எமக்கு அது தெரியவில்லை என்று சொன்னால் பொய்யாகும். தெரிந்திருந்தது, தெரியாதவர்போல் இருந்துகொண்டோம். பீரங்கியை இயக்கியவன் எண்களைப் பார்த்தான். நாம் பாடத்திட்டத்தைப் பார்த்தோம். குழலுக்குப் பின்னால் நிற்பவனுக்கு மட்டும் உரியது அந்தக் குருட்டுத்தனம் என்று இனி எம்மால் சொல்ல முடியாது. குழலின் பின்பக்கத்திலே, சத்தத்தைக் கேட்டு ஆறுதலடைந்து வாழும் அத்தனை பேருக்கும் அதிலே பங்குண்டு. குண்டு செய்த தொழிற்சாலைப் பெண்ணுக்கும், காரீயக்கல் விற்றவனுக்கும், சரித்திரம் சொன்ன ஆசிரியனுக்கும் அது துண்டுதுண்டாகப் பகிர்ந்து கொடுக்கப்பட்டுவிடுகிறது. ஒவ்வொருவர் கையிலும் உள்ள துண்டு மிகச் சிறியதாகையால், அது பெரியதொன்றின் பகுதியென்று எவருக்கும் தோன்றுவதில்லை. தொழிற்சாலை யுகத்து யுத்தம் தன் வேலையைச் செய்துகொள்வது இந்தப் பங்கீட்டினாலேதான்.

பையன் இதற்கு ஒரு மறுப்புச் சொன்னான். அது நியாயமான மறுப்பே. "இப்போது அப்படி இல்லை, மாமா. ட்ரோன் மேலே நின்று பார்க்கிறது. எறிபவன் திரையிலே இலக்கைக் காண்கிறான். இனிக் குறி தவறாது" என்றான்.

2022 முதல் உக்ரேனிலே நடந்து வரும் யுத்தத்தில் இரண்டையும் காண்கிறோம். ஒருபுறம் 1915இன் குண்டுப் பஞ்சமே திரும்பி வந்தது: 2023 மார்ச்சிலே ஐரோப்பிய நாடுகள் ஓராண்டில் பத்து இலட்சம் குண்டு தருவதாக வாக்களித்து, தவணைக்குள் அதிற் பாதியளவே கொடுக்க முடிந்தது. மறுபுறம், வானத்திலே எங்கும் கண்கள். ஆனால் கண் வந்தால் கருணையும் வந்துவிடுமா? எம் நாட்டிலும் ஆளில்லா வேவு விமானம் பறந்தது. வன்னி மக்கள் அதன் இரைச்சலைக் கேட்டு 'வண்டு' என்று பெயரிட்டனர். 2009இல் அந்த வண்டு தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்கத்தான், அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள்ளும் மருத்துவமனைகள் மீதும் எறிகணைகள் விழுந்தன. இறுதிக் கட்டத்தில் பொதுமக்களின் சாவுகளிலே பெரும்பாலானவை அரச படையின் எறிகணை வீச்சினாலே நேர்ந்தன என்றும், மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்ததையும், அவர்கள் நடுவே பீரங்கிகளை வைத்துச் சுட்டதையும் அதே அறிக்கை எழுதியிருக்கிறது. ஆகவே, பார்க்க முடியாதது மட்டுமே குற்றமன்று. எதைப் பார்க்க வேண்டுமென்று அனுப்பினார்களோ அதையே கண் பார்க்கிறது.

நண்பரிடம் ட்ரோனைப் பற்றிப் பையன் விளக்கினான். அவர் இடது காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பாக்கிறவன் தண்ணிக்க இறங்கி நிக்கிறானா?" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. போர்ச் சட்டம் படித்தவர்கள் இதையே நீளமாகச் சொல்கிறார்கள். 1977ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாடுகளோடு சேர்க்கப்பட்ட ஏற்பாடு, படையினரையும் பொதுமக்களையும் வேறுபடுத்தாமல் தாக்குவதை விலக்குகிறது. 2022 நவம்பரிலே டப்ளின் நகரில் எண்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கூடி, மக்கள் செறிந்த இடங்களில் வெடிக்கும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவதாக ஒப்புக்கொண்டன. வலை விழும் இடத்தைப் பார்த்து எறி என்பதுதான் அத்தனை ஏடுகளின் பொருளும்.

பேருந்து வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நண்பர் தம் வலையைப் பையனின் தோளிலே போட்டு, ஒரு நுனியைப் பல்லிலே கடிக்கச் சொல்லி, எறியும் விதத்தைக் காட்டினார். அவன் எறிந்தான். வலை முழுதும் விரியாமல் கயிற்றுக் கட்டாகச் சென்று விழுந்தது. வெட்கத்தோடு கரைப்பக்கம் திரும்பினான். "இஞ்ச பாக்காத மனே. எறிஞ்ச இடத்தைப் பாரு" என்றார் அவர். அவன் திரும்பி, நீர் தெளியும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வயது எமக்கு உரிமை தருகிறதென்று நம்புகிறோம். சரித்திரப் புத்தகத்திலே, 'குண்டுவீச்சு நடத்தப்பட்டது' என்ற வசனத்தைக் காண்பீர்கள். அந்த வசனத்திலே எறிந்தவனும் இல்லை. விழுந்த இடமும் இல்லை. பரீட்சையிலே அப்படியே எழுதினால் புள்ளி கிடைக்கும். நாமே அப்படிப் புள்ளியிட்டிருக்கிறோம். ஆயினும், எழுதி முடித்த பின்னராவது அது எங்கே விழுந்தது, அங்கே யார் இருந்தார்கள் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தேடச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது பாலத்தின்மேல் இருட்டிவிட்டது. வாவியிலே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோணி விளக்குகள். பையன் தன் பேச்சுத் தாளை எடுத்து முதல் வசனத்திலிருந்த 'அரசன்' என்ற சொல்லைப் பேனாவால் வெட்டினான். வேறு சொல் எழுதவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு எம்மைப் பார்த்துக் கேட்டான்:

"அந்த அக்கா பிறகு எங்கே, மாமா? ஊருக்குத் திரும்பிப் போனாவா?"

பரீட்சை முடிந்ததோடு அவள் பாடசாலைக்கு வரவில்லை. மறு மாதம், 2007 ஜனவரி 19ஆம் நாள், வாகரை படையினர் வசமாயிற்று. அவளுடைய ஊரிலிருந்து வந்தவர்கள் முகாம் முகாமாக இருந்தார்கள். போய் விசாரித்திருக்கலாம். நாம் விசாரிக்கவில்லை.

அதைத்தான் அவனிடம் சொன்னோம்.